பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடுவது எப்படி

போர்ஷே பெரிசா பென்ஸ் பெரிசா என்று பாண்டியில் எங்கே பேச்சு ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் அது டாப் ஸ்பீடில் வந்து நிற்கும். அப்படி ஒப்பிட்டால் 1954-இல் வந்த கார் 1978-இல் வந்த காரிடம் எப்போதுமே தோற்கும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அந்தக் காரைச் செய்தவர்கள் எந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள், அவர்கள் கண்டுபிடித்த வழியை அப்புறம் எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள், இந்த இரண்டையும் பாருங்கள்.

முதலில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். 1954-இல் நியூயார்க்கில் காட்டினார்கள். கதவு மேல்நோக்கித் திறப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் அதற்குக் காரணம் சட்டகம். மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த அந்தச் சட்டகம் பக்கவாட்டில் உயரமாக வந்துவிட்டதால் சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை, அதனால் கீலைக் கூரையில் வைத்தார்கள். இன்ஜினும் அப்படித்தான், மூக்கு தாழ்வாக இருக்க வேண்டும் என்று அதைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். கார்புரேட்டருக்குப் பதிலாக பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையும் அதில் இருந்தது. இன்றைக்கு ஷோரூமில் ‘டைரக்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று சொல்லி விற்கிறார்களே, அதேதான்.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது அதே காலத்து பி.எம்.டபிள்யூ. 507, 1963-இல் வெளிவந்த போர்ஷேயை அல்ல. இரண்டு காரையும் செய்யச் சொல்லி அந்தந்தக் கம்பெனியிடம் கேட்டவர் ஒரே ஆள், நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்துவந்த மேக்ஸ் ஹாஃப்மன். 507-ஐ வரைந்தவர் ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ், என் கண்ணுக்கு ஜெர்மனியில் இதைவிட அழகான கார் வரவில்லை. ஆனால் நினைத்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது, 250 சொச்சம் கார்களோடு நின்றுபோனது, கம்பெனிக்கு நஷ்டத்தின் மேல் நஷ்டம். 1959 டிசம்பரில் பி.எம்.டபிள்யூ.வை பென்ஸ் கம்பெனியே வாங்கிக்கொள்ளும் நிலை வந்து கடைசியில் தப்பியது. அதனால் அழகில் 507-க்கும் வரலாற்று இடத்தில் 300 எஸ்.எல்.லுக்கும் என்று தனித்தனியாக மார்க் போடுங்கள்.

அடுத்தது இன்ஜின் எங்கே இருக்கிறது என்பது. பழைய போர்ஷே 911-இல் அது பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர். வேகமாக வளைவுக்குள் போய்ப் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிடும், ஆரம்பகாலக் கார்களின் கெட்ட பெயரே அதுதான். அந்த அமைப்பைக் கைவிடாமல் 1969 மாடலில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள், டயரை அகலமாக்கினார்கள், இப்படி வருஷா வருஷம் திருத்திக்கொண்டே போனார்கள். ஆகவே ‘911’ என்று மட்டும் சொல்லி ஒப்பிடாதீர்கள், எந்த வருஷத்து 911 என்று கேளுங்கள். (முதலில் அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர் எங்களுடையது என்று பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ கம்பெனி சொன்னதால் மாற்றினார்கள்.)

சரி, எண்களும் வேண்டும்தான். எடையைக் குதிரைத்திறனால் வகுத்துப் பாருங்கள், போதும், விடை குறைவாக வந்தால் கார் சுறுசுறுப்பு. 1964-இன் 911 சுமார் 1,080 கிலோ, 130 குதிரைத்திறன், அதாவது ஒரு குதிரைக்கு 8 கிலோவுக்கு மேல். 1973-இன் கரேரா ஆர்.எஸ். 2.7 சுமார் 960 கிலோ, 210 குதிரைத்திறன், ஒரு குதிரைக்கு நாலரை கிலோ. 1978-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்1 சுமார் 1,300 கிலோ, 277 குதிரைத்திறன், அதுவும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்! எம்1-இல் நடு இன்ஜின், 24 வால்வு என்று எல்லாம் இருந்தும் எடையைக் குறைத்த ஒரு பழைய 911 அதற்குச் சமமாக நிற்கிறது.

ஆடி குவாட்ரோவை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன் என்பவர்கள் உண்டு. நான் கட்டாயம் சேர்ப்பேன். மூக்கில் கனம், பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1980-இல் நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை என்று வந்ததும், மண்ணிலும் பனியிலும் சாதாரணச் சாலையிலும் ஓடும் ராலி பந்தய உலகம் தலைகீழானது. 1981-இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் அதை ஓட்டி ஜெயித்த மிஷேல் மூத்தோன்தான் உலக ராலி சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண். சில வருஷங்களுக்குள் நான்கு சக்கர விசை இல்லாமல் ராலியில் பட்டம் கனவிலும் கிடைக்காது என்று ஆகிவிட்டது. மற்றவர்களை மாற்றிய அளவில் பார்த்தால் இது எம்1-ஐவிடப் பெரிய கார்.

கடைசியாக, நேரில் ஒன்று கிடைத்தால். பீச் ரோட்டிலோ ஈ.சி.ஆர். பக்கமோ யாராவது பழைய ஜெர்மன் கார் கொண்டுவந்தால் பானெட்டுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுப் போகாமல், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு குனிந்து அடியைப் பாருங்கள். நம் உப்புக் காற்றில் முதலில் போவது தரைத் தகடும் கதவுக்குக் கீழே உள்ள பகுதியும்தான். 911-க்கு முழு உடலுக்கும் துத்தநாகப் பூச்சு 1976 மாடலிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய கார் என்றால் மேலே உள்ள பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் நம்பாமல், கம்பளத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே வருஷத்துக் கார்கள் இரண்டு இருந்தால் தகடு அசலாக இருப்பதற்கே என் ஓட்டு, இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் சரி செய்துகொள்ளலாம்.