சிங்கப்பூர் செல்லும் சேலத்துக்காரர்களுக்கு: சம்பளப் பாக்கியும் ஓராண்டுக் கெடுவும்

சேலம் மாவட்டத்திலிருந்து கட்டுமான வேலைக்காகச் சிங்கப்பூர் செல்லும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். நான் அங்கே வேலை பார்த்துவிட்டு அஸ்தம்பட்டிக்குத் திரும்பியவன். மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு, விடுதி ஆகியவற்றை நிறுவனமே முடித்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். விமானம் ஏறுவதற்கு முன், வேலை அனுமதிக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தரும் ஐ.பி.ஏ. கடிதத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். அடிப்படைச் சம்பளமும் படிகளும் பிடித்தங்களும் அதில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். பின்னாளில் தகராறு என்று வந்தால் அதுதான் முதல் சான்று. முகவர் வாயால் சொன்ன தொகை எங்கும் எடுபடாது.

நம் பக்கத்தில் கூலிக் கணக்கு நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையானாலும், இளம்பிள்ளைத் தறியானாலும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டமானாலும், கூலியில் ஒரு பகுதியை முதலாளியிடமே விட்டுவைத்துத் தீபாவளிக்குப் போனஸோடு சேர்த்துக் கணக்கு முடிப்பவர்கள் இன்றும் உண்டு. பேச்சு முறிந்தால்தான் வக்கீலைப் பிடித்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போவார்கள். இந்தப் பழக்கத்தோடு சிங்கப்பூரில் இறங்கினால் பணம் போய்விடும்.

ஏற்காட்டைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர் அங்கே ஒரு சிறிய துணை ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த முதலாளியும் தமிழர்தான் என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. அடிப்படைச் சம்பளம் மாதந்தோறும் ஒழுங்காக வந்தது, ஓ.டி. என்னும் கூடுதல் நேர வேலைக்கான பணத்தில் பாதிதான் வந்தது. மீதியை "ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள், தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகும்" என்று அவர் சொல்ல, அண்ணன் என்று அழைத்தவரிடம் கணக்குக் கேட்க நண்பருக்கு வாய் வரவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, அவருடைய வேலை பர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள்.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. சம்பளத்தை அதற்குரிய காலம் முடிந்த 7 நாட்களுக்குள்ளும், ஓ.டி. தொகையை 14 நாட்களுக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும், ஓ.டி.க்கு ஒரு மணி நேர அடிப்படைக் கூலியைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் புகாரைப் பதிவு செய்யும் நாளுக்கு முந்தைய ஓராண்டுப் பாக்கியைத்தான் கேட்க முடியும். முதல் இரண்டு ஆண்டுகளின் பணம் அவர் பேசுவதற்கு முன்பே கெடு தாண்டிவிட்டது. எஞ்சிய ஓராண்டுக்கும், வெற்று வவுச்சர்களில் அவர் போட்டுக்கொடுத்த கையெழுத்துகளை நிறுவனம் எடுத்து நீட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில், லிட்டில் இந்தியா என்றும் சொல்லப்படும் தேக்காவில் கூடி ஏற்காட்டு மழையைப் பற்றி எவ்வளவோ நேரம் பேசியிருக்கிறோம்; இந்தக் கெடுவைப் பற்றி எங்களில் ஒருவரும் பேசியதில்லை.

ஆகவே ஒரு மாதப் பாக்கி இரண்டாம் மாதத்துக்கு நீண்டாலே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் டி.ஏ.டி.எம். என்னும் முத்தரப்பு அமைப்பில் புகாரைப் பதிவு செய்யுங்கள். முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். அது முறிந்தால் ஒரு பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அதைக்கொண்டு 4 வாரங்களுக்குள் வேலை தொடர்பான உரிமைகோரல்களை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அங்கே எந்தத் தரப்புக்கும் வக்கீல் வாதாட முடியாது என்பதால், வக்கீலுக்குப் பணம் தேடி நாளைக் கடத்த வேண்டியதில்லை. காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினார்கள் என்ற புகாருக்குக் கெடு இன்னும் குறைவு: கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதம்.

புகார் கொடுத்தால் பாண்ட் பணம் 5,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) உன்னிடம் பிடிப்பேன் என்று மிரட்டுவார்கள். அந்தப் பிணைத்தொகை முதலாளி அரசாங்கத்துக்குக் கொடுத்த உறுதி. அதைத் தொழிலாளியின் தலையில் கட்ட அவருக்கு உரிமை இல்லை. ஊர் திரும்பும் பயணச்சீட்டும் அவர் பொறுப்பே. பர்மிட் ரத்தானாலும், வழக்கு நடக்கும்வரை தங்குவதற்குச் சிறப்பு அனுமதி கேட்கலாம்.

நேரச் சீட்டை அன்றன்றைக்கே படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். விடுதியில் தொலைபேசி தொலைந்தாலும் சேலத்தில் ஒரு நகல் இருக்கும். தொகை எழுதாத வவுச்சரிலும், விமான நிலையம் போகும் வழியில் நீட்டப்படும் "பாக்கி ஏதுமில்லை" என்ற தாளிலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலையை விட்டபின் சம்பளப் புகாருக்கு 6 மாதங்கள்தான் உண்டு. அதைக் கடைசி வேலை நாளிலிருந்து எண்ணுவார்கள், நீங்கள் ஏமாந்ததை உணர்ந்த நாளிலிருந்து அல்ல. விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும்போது பர்மிட் ரத்தானதாகத் தகவல் வந்தால், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே டி.ஏ.டி.எம்.ஐத் தொடர்புகொள்ளுங்கள்.