கைத்தறி ஆடை யூனிட்டில் ஆண்டுக் கணக்கு: தராசிலிருந்து தொடங்குங்கள்

மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்பது பில், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி விவரம். வரிக்கு அது போதும். நாலைந்து மெஷின் போட்டு, கைத்தறித் துணியில் இயற்கைச் சாயம் ஏற்றிச் சட்டையும் குர்த்தாவும் தைக்கிற சின்ன யூனிட், கடந்த ஒரு வருஷத்தில் என்ன செய்தது என்பதை அந்தக் காகிதங்கள் சொல்லாது. வாங்கிய துணியில் எவ்வளவு ஆடையானது, எவ்வளவு மூட்டையில் கிடக்கிறது, விற்ற சட்டை எத்தனை துவைப்பு தாங்கியது, நெசவாளர் கைக்குப் பணம் எத்தனை நாளில் போனது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அடுத்த வருஷத்துக்கு நியாயமான விலை போட முடியும்.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஐம்பது கிலோ வரை தாங்கும் தொங்கு தராசு, கிராம் காட்டும் சமையலறைத் தராசு, டேப், ஒரு நோட்டு, இவ்வளவு போதும். மழை இல்லாத, வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரமான நாளில் நிறுத்தால் கணக்கு ஏறித் தெரியும்.

துணி எங்கே போனது

மீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். தறியிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கிறது, துவைத்தால் நீளம் சுருங்குகிறது, ரோலுக்கு ரோல் அகலமும் அரை அங்குலம் கூடக் குறைய இருக்கும். துவைத்து உலர்ந்த துணியின் எடைதான் கடைசிவரை மாறாமல் நிற்கும். அதனால் கணக்கை எடையில் போடுங்கள்.

ஒரு உதாரணம். வருஷத்தில் 600 மீட்டர் துணி வாங்கியிருக்கிறீர்கள், மீட்டர் 220 ரூபாய். ஊறவைத்துத் துவைத்து உலர்த்திய பிறகு அது 564 மீட்டர், 90 கிலோ. அதாவது துவைத்த துணி ஒரு மீட்டர் ஏறக்குறைய 160 கிராம். தைத்தது 210 சட்டை. பட்டன் வைப்பதற்கு முன் ஒரு சட்டை 280 கிராம் என்றால் 58.8 கிலோ. அலமாரியில் மீதி 100 மீட்டர், 16 கிலோ. கட்டிங் மேசைக்கு அடியிலிருக்கும் வேஸ்ட் மூட்டை 10.5 கிலோ. கூட்டினால் 85.3 கிலோதான் வருகிறது. 4.7 கிலோவைக் காணோம்.

அது கிட்டத்தட்ட 29 மீட்டர். துணியின் உண்மை விலை 220 இல்லை என்பதும் இங்கேதான் தெரியும்: 1,32,000 ரூபாயை 564-ஆல் வகுத்தால் மீட்டர் 234. ஆக, காணாமல் போனது ஏறத்தாழ 6,800 ரூபாய். 220 வைத்து விலை போட்ட ஒவ்வொரு சட்டையிலும் துணிக் கணக்கே குறைவாக விழுந்திருக்கிறது.

இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் ஈரத்தாலும் தராசாலும் வரும்; அதைத் துரத்த வேண்டாம். அதற்கு மேல் போனால் நாலு இடத்தில் தேடுங்கள்: பதிவு செய்யாமல் தைத்த சாம்பிள்கள், பிழையாகி ஓரம் கட்டிய பீஸ்கள், துணிப்பை மாதிரி இலவசமாகத் தைத்துக் கொடுத்தவை, வரும்போதே அளவு குறைந்திருந்த ரோல்கள். பெரும்பாலும் சாம்பிளில்தான் போயிருக்கும். ஒரு புது மாடலுக்கு மூன்று தடவை சாம்பிள் போட்டால் ஆறு மீட்டருக்கு மேல் காலி. சாம்பிளுக்குத் தனி நோட்டு போட்டால் அடுத்த வருஷம் இந்தத் தேடல் இருக்காது.

துவைத்ததும் நிறுக்கும் வழக்கம் இதுவரை இல்லையென்றால் பரவாயில்லை. இன்னும் துவைக்காத ரோலில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, இரவு முழுக்க ஊறவைத்துத் துவைத்து, நன்றாக உலர்ந்தபின் நிறுங்கள். வாங்கிய மீட்டரால் அதைப் பெருக்கினால் துவைத்த எடை கிடைத்துவிடும். துணி வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்; நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட் எண் 40-ம் 80-ம் ஒரே எடை நிற்காது.

வேஸ்ட் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் வெட்டிய துணியில் வேஸ்ட் 15 சதவீதம். சட்டைக்கு இது வழக்கமான அளவுதான். 20-ஐத் தாண்டினால் பேட்டர்னை மேசையில் பரப்பும் விதத்தில் கோளாறு. கைத்தறியில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு: 48 அங்குல அகலத்துக்குப் போட்ட மார்க்கரை (பேட்டர்ன் துண்டுகளை அடுக்கி வரைந்த தாள்) 46.5 அங்குலம் மட்டுமே வந்த ரோலில் வைத்தால், சட்டைக் கைக்கான துண்டு ஓரத்தில் இடிக்கும், அடுத்த வரிசைக்குத் தள்ள வேண்டி வரும், நடுவில் பட்டையாகத் துணி வீணாகும். வருஷம் முழுக்க வந்த ரோல்களில் குறைந்த அகலம் எதுவோ, அதற்கு ஒரு மார்க்கர் தனியாகப் போட்டு வையுங்கள்.

உள்ளங்கையைவிடப் பெரிய துண்டுகள் பாக்கெட், காலர் பட்டை, பைப்பிங்குக்கு ஆகும். வெள்ளையும் சாயமிட்டதும் தனித்தனி மூட்டையில் இருக்கட்டும். கலந்தால் வேஸ்ட் வாங்குபவர் விலையைக் குறைப்பார். ஓவர்லாக் மெஷின் வெட்டித் தள்ளும் நார் மட்டும் எப்போதும் தனி. அதில் பாலியஸ்டர் நூல் இருக்கும், மண்ணில் போட்டால் மக்காது.

திரும்பி வந்த சட்டைகள்

ரிட்டர்ன் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயனில்லை. வந்த ஆடைகளை மேசையில் விரித்து, ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். "சைஸ் சின்னதாகிவிட்டது" என்று வாடிக்கையாளர் சொன்னால், மார்பளவிலா நீளத்திலா என்று கேட்க வேண்டும். தறியில் பாவு இழை, அதாவது நீளவாக்கு இழை, இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த இழுவிசை தளர்கிறது. ஆகவே பாவு வாக்கில் சுருக்கம் கூடுதலாகவும் ஊடை (குறுக்கு இழை) வாக்கில் குறைவாகவும் இருக்கும். சட்டை இறுகாது, குட்டையாகும். பெரிய சைஸ் அனுப்பிச் சமாளித்தால் தோள் தொங்கும். கோளாறு அப்படியே இருக்கும்.

சோதனை எளிது. துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை நூலால் ஓட்டுத்தையல் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பேனா அழிந்துவிடும். மூன்று தடவை துவைத்து, நிழலில் உலர்த்தி, இரண்டு வாக்கிலும் அளந்து பாருங்கள். பாவு 46.5 ஆனால் 7 சதவீதம், ஊடை 48.5 ஆனால் 3 சதவீதம். வெட்டும் முன் துவைக்காத துணி என்றால், 28 அங்குல உயரச் சட்டைக்கு 28-ஐ 0.93-ஆல் வகுத்து 30.1 அங்குலமாக வெட்ட வேண்டும். முன்னதாகவே துவைத்த துணியிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கஞ்சி முழுக்க இறங்காத துணி இரண்டாவது, மூன்றாவது துவைப்பிலும் சுருங்கும்.

அடுத்தது தையல். நெருக்கம் குறைந்த நெசவில் அக்குள் பக்கமும் முதுகுப் பட்டை பக்கமும் இழை விலகி, தையலை ஒட்டி வெளிச்சம் தெரியும். நூல் அறுந்திருக்காது, துணிதான் நழுவியிருக்கும். அந்த இடத்தில் கால் அங்குலம் விட்டு ஓவர்லாக் போட்டிருந்தால் பிழை அங்கேதான். அரை அங்குலம் விட்டு, உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல். உறுதிக்காகத் தையலை இன்னும் நெருக்கினால் மெல்லிய துணியை ஊசியே வெட்டிவிடும். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, கனத்த துணிக்கு 14.

சாயப் புகார்

நிறம் பற்றிய புகார்களை மூன்றாகப் பிரித்தால் காரணம் தானே விளங்கும்: வெயிலில் வெளுத்தது, துவைப்பில் மாறியது, அடுத்த துணியில் ஒட்டியது.

வெயிலில் வெளுத்ததில் முதலிடம் மஞ்சளுக்கு. சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் படிகாரத்தை எத்தனை போட்டாலும் கிழங்கு மஞ்சள் வெயில் தாங்காது. மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மாதுளை ஓடும் கடுக்காயும் மேல். பளிச்சென்று இராது, நாள்பட நிற்கும். எந்த நிறமானாலும், ஒரு துண்டின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி நல்ல வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். அட்டையை எடுத்ததும் கோடு தெளிவாகத் தெரிந்தால் அந்தச் சாயத்தைச் சட்டைக்குக் கொண்டுவர வேண்டாம். கடை அலமாரியில் மடிப்பு ஓரம் மட்டும் வெளுத்துக் கிடக்கும் ஸ்டாக்கும் இதே கதைதான்.

துவைப்பில் மாறுவதை நம் வீட்டு அடுப்படியே காட்டும். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவக்கிறதல்லவா? சோப்பிலுள்ள காரத்தில் (அமிலத்துக்கு எதிர்க் குணம்) மஞ்சள் சிவக்கும். பதிமுக மரக்கட்டையில் எடுக்கும் சாயமும் அப்படித்தான், காரமான டிடர்ஜென்ட் பட்டால் சாயல் மாறிவிடும். பூந்திக்கொட்டை அல்லது காரமில்லாத திரவ சோப்பு என்று லேபிளில் தமிழில் எழுதித் தைத்துவிடுங்கள். அட்டையில் அச்சிட்டுத் தொங்கவிட்டால் முதல் நாளே குப்பைக்குப் போகும்.

அவுரி நீலம் அடுத்த துணியில் ஒட்டினால் குறை தொட்டியில். அடர் நீலத்தை ஒரே முக்கில் எடுக்கப் பார்த்தால் சாயம் இழைக்குள் போகாமல் மேலே படியும். நீர்த்த தொட்டியில் பல முறை முக்கி, ஒவ்வொரு முக்குக்கும் நடுவே காற்றாட விட்டு, கடைசியில் அலசும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும்.

ஒரே பக்குவத்தில் போட்ட கடுக்காய்த் துணி ஒரு லாட்டில் பழுப்பு மஞ்சளாகவும் இன்னொரு லாட்டில் சாம்பலாகவும் வந்திருக்கிறதா? தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் போர் தண்ணீர் எடுத்து, கடுக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கருநீலமாகவோ கறுத்தோ போனால் அதில் இரும்பு இருக்கிறது. அந்த வேலைக்கு மழைநீரைச் சேர்த்து வையுங்கள். சாய நோட்டில் உலர் துணியின் எடை, கடுக்காய், படிகாரம் ஆகியவற்றோடு தண்ணீர் எங்கே எடுத்தது என்பதும் இருக்கட்டும். கிலோ துணிக்குக் கடுக்காய் 150 முதல் 200 கிராம், படிகாரம் 100 முதல் 150 கிராம் என்பது தொடக்கத்துக்கு நல்ல அளவு. கறுப்புக்காக இரும்பைக் கூட்டினால் நாளடைவில் பருத்தி இற்றுப்போகும். கறுப்புச் சட்டைகள் மட்டும் காலரில் கிழிந்து வந்திருந்தால் அந்த அளவைக் குறையுங்கள்.

தைத்த பிறகு சாயம் ஏற்றும் ஆடைகளில் நூலைப் பாருங்கள். துணி நீலமாகி, தையல் மட்டும் வெள்ளைக் கோடாக நின்றால் அது பாலியஸ்டர் நூல். "முழுக்கப் பருத்தி" என்று விற்றிருந்தால் அந்த வாக்கு அங்கே பொய்யாகிறது. பருத்தி நூலுக்கு மாறுங்கள். மெஷின் வேகத்தையும் நூலின் டென்ஷனையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கடி அறும்.

நெசவாளரின் பக்கம்

ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஆர்டர் கொடுத்த நாள், சொன்ன நாள், துணி வந்த நாள், பணம் கொடுத்த நாள், இடையில் நாம் மாற்றியது என்ன. கடைசிக் கட்டத்தை நேர்மையாக நிரப்புங்கள். தாமதங்களில் கணிசமான பங்கு நாம் நடுவில் நிறத்தையோ துணியின் டிசைனையோ மாற்றியதால் வந்திருக்கும். பாவு ஏறிய பிறகு மாற்றம் சொன்னால் அந்த இழப்பு நெசவாளர் தலையில் விழுகிறது. அதற்குக் கூலி கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தும் ஊர்களில் மழை நாளில் அந்த வேலை நடக்காது. தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறியில் தண்ணீர் ஊறினால் நெசவும் நிற்கும். பொங்கலுக்கு வேண்டிய துணிக்கு ஆகஸ்ட் கடைசிக்குள் ஆர்டரும் முன்பணமும் போய்விட வேண்டும்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியிருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி மார்ச் 31-லும் பாக்கி நின்றால் அந்தத் தொகையைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். சட்டம் இருக்கட்டும், தறிக்காரருக்கு 60 நாள் பாக்கி வைத்துவிட்டு நியாய வணிகம் என்று லேபிளில் போடுவது தவறு.

விலையும் வாக்கும்

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு ஆடை 2,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18. வரியில்லாமல் 2,500 விலையென்றால் வாங்குபவர் தருவது 2,625. அதையே 2,600 ஆக்கினால் 3,068. உங்களுக்கு நூறு ரூபாய் கூட, அவருக்கு 443 ரூபாய் கூட. புது விலைப்பட்டியல் போடும்போது இந்தக் கோட்டின் இருபுறமும் இருக்கும் மாடல்களைத் தனியாகப் பாருங்கள்.

வாடிக்கையாளருக்கு ஆண்டுக் கடிதம் எழுதுவதானால் மேலே எடுத்த எண்களையே கொடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, "பசுமை", "சூழலுக்கு உகந்தது" போன்ற பொதுச் சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது. "வாங்கிய 90 கிலோவில் 58.8 கிலோ சட்டையானது, 16 கிலோ அலமாரியில் மீதி, 10.5 கிலோ வேஸ்ட், 4.7 கிலோவுக்குக் கணக்கில்லை" என்று எழுத உங்களிடம் தராசு நோட்டு இருக்கிறது. கணக்கில்லாத அந்த 4.7-ஐ விட்டுவிடாமல் எழுதுங்கள்.

கடைசி வேலையாக, ஒவ்வொரு லாட்டிலும் உள்ளங்கை அளவு துண்டு இரண்டு வெட்டுங்கள். ஒன்றைத் துவைக்காமல் நோட்டில் ஸ்டேப்ளர் அடித்து, தேதி, ரோல் எண், சாய அளவு, தண்ணீர் விவரம் எழுதுங்கள். மற்றொன்றைப் பத்து தடவை துவைத்து அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள். நோட்டு வெயில் படாத பெட்டியில் இருக்கட்டும், கஞ்சி போட்ட துண்டு பக்கத்தில் வேண்டாம், பூச்சி வரும்.