தோல் செல்லிலிருந்து ஐ.பி.எஸ். செல் வரிசையை உருவாக்கும் முறை

முதிர்ந்த செல்லை மறுபடியும் கருநிலைத் தன்மைக்குத் திருப்ப முடியும் என்பதைக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாக்காவும் கசுதோஷி தகஹாஷியும் 2006-இல் சுண்டெலியின் செல்லிலும், 2007-இல் மனிதச் செல்லிலும் காட்டினார்கள். இப்படித் திரும்பி, உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்லே ஐ.பி.எஸ். செல்; ஒரே மூலத்திலிருந்து வளர்த்துத் தொடர்ந்து பேணும் அதன் வழித்தோன்றல்களே ஒரு செல் வரிசை. 24 மரபணுக்களில் தொடங்கி, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, ஆக்ட்3/4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கில் அவர்கள் வந்து நின்றார்கள். செல் வளர்ப்பில் கைப்பழக்கம் உள்ள ஆய்வு மாணவர் எவரும் இன்று அதைச் செய்துவிடலாம். ஆனால் தட்டில் காலனி, அதாவது ஒரு செல்லிலிருந்து பெருகிய செல் கூட்டம், தோன்றுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தொடக்கச் செல்லின் தரமும், காலனி தோன்றிய பின் நாம் எடுக்கும் முடிவுகளுமே அந்த வரிசை மருத்துவத்துக்குப் பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்தியாவில் இப்பணியைத் தொடங்கும் முன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவிடமும் அறநெறிக் குழுவிடமும் அனுமதி பெற வேண்டும். செல் கொடுப்பவரின் ஒப்புதல் படிவத்தை அவருடைய மொழியில், அவர் கேள்வி கேட்க நேரம் கொடுத்து விளக்குங்கள். அவருடைய செல்கள் பல ஆண்டுகள் வளர்க்கப்படலாம், எந்தத் திசுவாகவும் மாற்றப்படலாம், மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்படலாம், வேறு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்படலாம் என்ற நான்கையும் அவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இதை வெறும் சடங்காக நினைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

மருத்துவர் எடுத்துத் தரும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தோல் துண்டைச் சிறு துணுக்குகளாக நறுக்கித் தட்டில் ஒட்டச் செய்து, சீரம் கலந்த ஊட்டத் திரவமான ஊடகத்தில், 37 டிகிரி வெப்பத்திலும் 5 சதவீதக் கார்பன் டைஆக்சைடிலும் வையுங்கள். ஓரிரு வாரங்களில் ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத் திசுச் செல்கள் துணுக்கின் ஓரங்களிலிருந்து வெளியே பரவத் தொடங்கும். போதுமான அளவு பெருகியதும் ஒரு பகுதியை உறைய வைத்துவிட்டு, எஞ்சியதை ஐந்தாம் பாசேஜுக்குள் மறுநிரலாக்கத்துக்கு, அதாவது கருநிலைக்குத் திருப்பும் வேலைக்கு, எடுத்துக்கொள்ள வேண்டும். பாசேஜ் என்பது செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும். பலமுறை பிரித்து வளர்த்த செல்கள் மூப்படைந்து மெதுவாகப் பிரிகின்றன. மெதுவாகப் பிரியும் செல்கள் மறுநிரலாக்கத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. செல் வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கிறதா என்ற சோதனையையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

அந்த நான்கு மரபணுக்களைச் செல்லுக்குள் கொண்டுசெல்லச் செண்டாய் வைரஸையே நான் பரிந்துரைப்பேன். தொடக்கத்தில் பயன்பட்ட ரெட்ரோ வைரஸ் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளும். அவ்வாறு நுழைந்த சி-மிக் பின்னர் விழித்தெழுந்ததால் சுண்டெலிகளில் கட்டிகள் உண்டாயின. செண்டாய் ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால் உட்கருவுக்கு வெளியிலேயே இயங்கி, செல்கள் பிரியப் பிரிய நீர்த்து மறைந்துவிடும்; பெரும்பாலும் பத்தாம் பாசேஜை ஒட்டி அது காணாமல் போகிறது.

வைரஸ் சேர்க்கும் நாளில் ஆறு குழித் தட்டின் ஒரு குழியில் இரண்டு முதல் மூன்று லட்சம் செல்கள் இருக்குமாறு இரண்டு நாள் முன்னதாகவே விதைத்துக்கொள்ளுங்கள். வைரஸின் செறிவு ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் மாறுவதால், பழைய கணக்கை நம்பாமல், உடன் வரும் சான்றிதழைப் பார்த்து ஒவ்வொரு முறையும் அளவைக் கணக்கிட வேண்டும். மறுநாள் ஊடகத்தை மாற்றுங்கள். செல்களில் ஒரு பகுதி இறப்பது இயல்பே. ஏழாம் நாளில் செல்களைப் பிரித்து, செல்கள் ஒட்ட உதவும் விட்ரோனெக்டின் புரதம் பூசிய தட்டில் அடர்த்தி குறைவாக விதைத்து, மறுநாள் முதல் ஐ.பி.எஸ். செல்களுக்கான எசென்ஷியல் 8 ஊடகத்துக்கு மாற்றித் தினமும் புதுப்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் இதில் விலக்கு இல்லை.

சுமார் பன்னிரண்டாம் நாளிலிருந்து காலனிகள் தென்படும், ஆனால் மூன்றாவது வாரம் வரை பொறுத்திருங்கள். முந்தி வரும் காலனிகளில் பல பாதி வழியில் நின்றுபோனவை. அவற்றின் ஓரம் சிதறியும், செல்கள் தளர்வாகவும் மணல்போலவும் காணப்படும். முழுமையாக மாறிய காலனி தட்டையாக, கூரிய ஓரத்துடன், இடைவெளியின்றி நெருங்கிய செல்களால் ஆனதாக இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் உட்கருவே பெரும்பகுதியை நிறைத்திருக்க, அதனுள் உட்கருமணி தெளிவாகத் தெரியும். 2007-ஆம் ஆண்டுப் பரிசோதனையில் 50,000 செல்களுக்குக் கிடைத்தவை சுமார் 10 காலனிகள்தான் என்பதை நினைவில் வைத்தால், எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது மனம் தளராது. தேர்ந்த காலனியை நுண் ஊசியால் கட்டம் கட்டமாகக் கீறி, அதன் துண்டுகளைத் தனிக் குழிக்கு மாற்றுங்கள்; இரண்டு காலனிகளை ஒரே குழியில் சேர்த்துவிட்டால் அது ஒற்றை மூலத்திலிருந்து வந்த வரிசை ஆகாது. பத்துக்கு மேற்பட்டவற்றை எடுத்து வளர்த்து, முடிவில் ஒருவரிடமிருந்து மூன்று வரிசைகளையாவது நிலைநிறுத்துவது நல்லது.

பிரித்து வளர்க்கும்போது செல்களின் பிணைப்பைத் தளர்த்தும் 0.5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு செல்களைச் சிறு கொத்துகளாகவே பெயர்த்தெடுங்கள். ஒற்றைச் செல்களாகச் சிதறினால் மனித ஐ.பி.எஸ். செல்கள் பெருமளவில் மடியும். ராக் என்ற நொதியைத் தடுக்கும் ஒய்-27632 என்ற மருந்து அதைத் தணிக்கும். என்றாலும், தொடர்ந்து ஒற்றைச் செல்களாகப் பிரித்துவந்தால், சாவைத் தாங்கும் மாறுபட்ட செல்களே முந்திப் பெருகும். 20-ஆம் குரோமோசோமின் நீள்கையில் ஒரு சிறு பகுதி இரட்டிப்பது இவ்வாறு அடிக்கடி காணப்படும் பிழை. செல் சாவைத் தடுக்கும் மரபணு ஒன்று அப்பகுதியில் இருப்பதே அதற்குக் காரணம். இது சாதாரணக் குரோமோசோம் வரைபடத்தில் தப்பிவிடக்கூடிய அளவுக்குச் சிறியது. ஆகவே அதற்கெனத் தனிச் சோதனை தேவை.

சோதனைகளில், ஐ.பி.எஸ். நிலையை அடையாளம் காட்டும் குறிப்பான்களைச் சாயமிட்டுப் பார்ப்பது எளிது: ஆக்ட்4 (முன்பு சொன்ன ஆக்ட்3/4-தான்), நானாக், டிரா-1-60 மூன்றும் தெரிய வேண்டும். உடலின் எல்லாத் திசுக்களுக்கும் மூலமான மூன்று கருப்படலங்களின் செல்களாகவும் மாறக் கூடியதா, வைரஸ் முற்றிலும் நீங்கியதா, கொடுத்தவரின் டி.என்.ஏ. அடையாளத்தோடு ஒத்துப்போகிறதா என்பவற்றையும் உறுதிசெய்யுங்கள். சிகிச்சைக்குச் செல்லும் வரிசையாக இருந்தால் மரபணுத் தொகுதியையும் படிக்க வேண்டும். கோபே நகரில் 2014 செப்டம்பரில் மசாயோ தகஹாஷி குழுவினரின் ஆய்வில், விழித்திரை நோயுற்ற ஒருவருக்கு அவருடைய செல்லிலிருந்தே உருவான விழித்திரை நிறமிப் படலம் பொருத்தப்பட்டது. அடுத்த நோயாளிக்கான செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டபோது அறுவையை அவர்கள் நிறுத்திவைத்தார்கள். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

தேறிய வரிசையைத் தாமதிக்காமல் உறையும்போது செல்களைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. 10 சதவீதம் கலந்த ஊடகத்தில், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். குப்பியின் மேல் வரிசையின் பெயர், பாசேஜ் எண், தேதி ஆகியவை இருக்க வேண்டும். கொடுத்தவரின் பெயர் இருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து ஒரு குப்பியை உருக்கி வளர்த்து, செல்கள் ஒட்டிப் பெருகுவதைப் பார்த்த பிறகே தட்டில் எஞ்சியுள்ளவற்றை அப்புறப்படுத்துங்கள்.