ஸ்கேலை மூடி வைத்த பிறகு வந்த ஜிப்ஸி ஜாஸ்

ஜிப்ஸி ஜாஸ் என்ற கிட்டார் ஜாஸ் பாணியைப் பழகியபோது, என் கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) எப்போதும் ஸ்கேல் (சுர வரிசை) பயிற்சி மாதிரியே ஒலித்தது. வேகம் இருந்தும் உயிர் இல்லை. ஆசிரியர் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "கார்டு மாறுது, நீங்க மாறவே இல்லையே" என்றார். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்.

ஈ7 என்ற கார்டு வரும் இடத்தில் ஜி ஷார்ப், பி, டி, எஃப் ஆகிய நான்கு சுரங்களை மட்டும் வாசிக்கச் சொன்னார். அடுத்த கார்டான ஏ மைனர் விழும் நொடியில் ஜி ஷார்ப்பிலிருந்து ஒரே ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) ஏறி ஏ-யில் நிற்க வேண்டும். அந்த அரைச்சுர ஏற்றம் சரியாக விழுந்த அன்று எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வலது கைக்குத்தான் நாளானது. பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கீழே அடித்து அடுத்த தந்தியின் மேல் சாய்ந்து நிற்க வேண்டும். தந்தி மாறினால் மறுபடியும் கீழடிதான். 1928 தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கியதால், ஜிப்ஸி ஜாஸின் முன்னோடியான கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் பெரும்பாலும் மற்ற இரு விரல்களால்தான் சோலோ வாசித்தார். இப்போது கார்டு சுரங்களை வாயால் பாடிவிட்டே கிட்டாரை எடுக்கிறேன்.