ரோபோ கிளீனர் வீட்டுக்குள் வழி தவறினால்: நான் சரிசெய்த விதம்

மூன்று வாரம் எங்கள் வீட்டு ரோபோ படுக்கையறைக்குப் போனால் திரும்பி வரவில்லை. கூடத்தை ஒழுங்காகப் பெருக்கித் துடைக்கும். படுக்கையறைக்குள் நுழைந்ததும் அலமாரியின் முன்னால் முட்டி முட்டி நிற்கும். பிறகு, இருக்கும் இடம் தெரியவில்லை என்று கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். முழங்கால் வலியால் குனிய முடியாத அம்மாவுக்காக வாங்கிய கருவி அது. அம்மாவோ தினமும் குனிந்து அதைத் தூக்கிக் கூடத்தில் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சேவை மையத்தில் ரீசெட் செய்யச் சொன்னார்கள். நான்கு முறை செய்தேன்; ரோபோ வரைந்து வைத்திருந்த வீட்டு வரைபடமும் போனதுதான் மிச்சம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தரையோடு தரையாகப் படுத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். செயலியை நிறுவுவது, வைஃபையில் இணைப்பது பற்றியெல்லாம் பேசப்போவதில்லை.

உங்கள் ரோபோவின் தலையில் சிறிய வட்டக் கோபுரம் ஒன்று இருக்கிறதா? அப்படியானால் அது லேசர் வகை; இந்தப் பதிவு உங்களுக்கானது. கோபுரத்துக்குள் லேசர் அளவி சுழல்கிறது, பொதுவாக நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. சுவரும் மேசைக்காலும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அது அளந்துகொண்டே இருக்கும். சக்கரம் எத்தனை முறை உருண்டது என்ற கணக்கும் தனியாக ஓடும். இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் தான் இருக்கும் இடத்தை ரோபோ முடிவுசெய்கிறது. கோபுரம் இல்லாமல் கேமராவை நம்பும் வகைக்கு வெளிச்சம் வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அதை ஓடவிட்டால் தடுமாறத்தான் செய்யும்.

2002இல் வந்த முதல் ரூம்பா ரோபோ கிளீனரிடம் வரைபடமே கிடையாது. முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். வழி தவற அதற்கு வழியே இல்லை. லேசர் கோபுரத்தோடு நீட்டோ எக்ஸ்வி-11 என்ற ரோபோ கிளீனர் வந்தது 2010இல். வரைபடம் வைத்திருக்கும் கருவிக்குத்தான் அந்த வரைபடம் பொய்யாகிவிடும் ஆபத்து உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

முதல் படி: தொடாமல் பாருங்கள்

ஒரு முழுச் சுற்று அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் தடுமாறினால் கோளாறு பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது. கண்ட இடத்தில் எல்லாம் தடுமாறினால் கருவியைப் பாருங்கள். இந்த ஒரு பிரிவினை தெரியாமல்தான் நான் மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

நடுவில் தூக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் அதன் கணக்கு குலைந்துவிடும். ரோபோ ஆராய்ச்சியில் இதற்குக் கடத்தப்பட்ட ரோபோ சிக்கல் என்றே பெயர். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வையுங்கள். அம்மா தினமும் நல்லெண்ணத்தோடு செய்ததும் குழப்பத்தைக் கூட்டிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாம் படி: கருவியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கண்ட இடத்தில் எல்லாம் தடுமாறுகிறவர்களுக்கு இது. அணைத்துவிட்டுத் துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். முன்னால் இருக்கும் சிறிய சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலான கருவிகளில் கழன்று வரும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் நீளமான தலைமுடி. சக்கரத்தின் அச்சில் அது பாபினில் நூல் சுற்றியதுபோல இறுகிப் போயிருந்தது. சக்கரம் உருளாமல் இழுபட்டிருக்கிறது. கத்தரிக்கோலைவிடத் தையல் பிரிக்கும் சிறிய கருவிதான் இதற்கு உகந்தது. முனையை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் முடியை அறுத்துவிடலாம்.

முன்பக்க முட்டுத்தகட்டை இடம், வலம், நடு என மூன்று இடத்தில் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே போய்த் துள்ளி வெளியே வரவேண்டும். இடுக்கில் ஒரு துவரம்பருப்பு சிக்கினாலும் போதும், எதிலோ முட்டிவிட்டோம் என்று நினைத்து ரோபோ பின்வாங்கிக்கொண்டே இருக்கும். கோபுரத்தை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். அடிப்பக்கத்து உணரிகளின் (சென்சார்) கண்ணாடிகளை உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். ஈரத்துணியும் சானிடைசரும் வேண்டாம்.

மூன்றாம் படி: கண்ணாடி

எங்கள் சிக்கலின் வேர் இதுதான்.

படுக்கையறை அலமாரியின் கதவுகள் தரைவரை முகம் பார்க்கும் கண்ணாடி. அலமாரிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறை. செயலியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்தச் சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் படுக்கையறையே இடம் வலமாக மாறிக் கிடந்தது. கட்டிலின் நான்கு கால்களும் நான்கு புள்ளிகளாக, நாற்காலிகூட அதே கோணத்தில். லேசர் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, நம் பக்கத்துக் கட்டில் காலைத் தொட்டுத் திரும்புகிறது. ஒளி நேராகப் போய் வந்தது என்றே ரோபோ நினைக்கிறது. ஆகவே சுவருக்கு அப்பால் இன்னொரு அறை இருப்பதாக எழுதிவைத்துக்கொண்டு, அதைத் துடைக்கக் கண்ணாடிக்குள் போகப் பார்க்கிறது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது எளிது. பழைய வேட்டி ஒன்றைத் தரையைத் தொடும்படி கண்ணாடியின் மேல் தொங்கவிட்டுப் புதிதாக வரைபடம் எடுங்கள். பொய் அறை மறைந்துவிட்டால் குற்றவாளி கண்ணாடிதான்.

செயலியில் தடைக்கோடு போட்டால் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். தடைக்கோடு சக்கரத்தைத்தான் நிறுத்தும், லேசரை நிறுத்தாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பொய் அறை அதன் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நிரந்தரத் தீர்வு, லேசர் படும் உயரத்தில் மட்டும் ஒரு பட்டை ஒட்டுவது. நான் தடுக்கி விழுந்த இடமும் இதுதான். முதலில் முட்டுத்தகட்டின் உயரத்தில், தரையிலிருந்து 5 சென்டிமீட்டரில் ஒட்டினேன், பயனில்லை. லேசர் வெளியேறுவது கோபுரத்தின் இடுக்கு வழியாக. தரையில் ஸ்கேலை நிறுத்தி அந்த இடுக்கின் நடுப்பகுதியை அளக்க வேண்டும். எங்கள் கருவியில் அது 9 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையை 6.5க்கும் 11.5க்கும் நடுவில் வரும்படி ஒட்டினேன். அதிலும் முதல் தடவை ஒட்டியது பளபளக்கும் வெள்ளி நிற டேப். அதுவும் ஒளியைத் தெறிக்கவிட்டது. கறுப்பு டேப்பும் சரிவராது, அது ஒளியை விழுங்கிவிடும். பெயின்டர்கள் பயன்படுத்தும் வெளிர்நிறப் பேப்பர் டேப்தான் சரியாக வேலை செய்தது. பார்வைக்கு உறுத்தினால் பனி படர்ந்ததுபோல இருக்கும் மங்கல் ஸ்டிக்கரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பால்கனியின் கண்ணாடிக் கதவிலும் இதே பட்டை உதவும். அங்கே லேசர் ஊடுருவிப் போய்ப் பால்கனியையும் வீட்டோடு சேர்த்துவிடுகிறது.

நான்காம் படி: கறுப்பு கிரானைட்

நம் ஊர் வீடுகள் பலவற்றில் வாசல் நிலைக்குக் கீழே கறுப்பு கிரானைட் பட்டை பதித்திருப்பார்கள். அந்த இடத்தில் ரோபோ சட்டென்று நின்று பின்வாங்கினால் பயப்பட வேண்டாம். அடிப்பக்கத்து உணரி அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பி, திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. கறுப்புத் தளம் ஒளியை உறிஞ்சிவிடுவதால், கீழே பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்குகிறது. பட்டையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பாருங்கள். கடந்து போனால் காரணம் அதுதான். அந்த இடத்தில் மெல்லிய வெளிர்நிறத் தரை ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

உணரியின் மேலேயே வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடச் சொல்கிற காணொளிகள் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாடிப்படியில் உருளாமல் ரோபோவைக் காப்பது அந்த உணரிதான்.

ஐந்தாம் படி: புதிய வரைபடம்

காரணத்தை நீக்கிய பிறகுதான் பழைய வரைபடத்தை அழிக்க வேண்டும். நான் நான்கு முறை ரீசெட் செய்தும் அதே பொய் அறை திரும்ப வந்ததற்குக் காரணம், கண்ணாடி அங்கேயே இருந்ததுதான். எல்லா அறைக் கதவுகளையும் திறந்துவையுங்கள். நாற்காலிகள் வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும். துடைக்கும் துணியைக் கழற்றிவிட்டு, சார்ஜ் நிலையத்திலிருந்தே கிளப்புங்கள். முடியும்வரை யாரும் குறுக்கே நடக்காமல் இருந்தால் நல்லது.

துடைக்கும்போது மட்டும் வழி தவறுகிறதா? தண்ணீர்த் தொட்டியில் ஃபினாயிலோ சோப்புத் தண்ணீரோ ஊற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வழுக்கும் டைல்ஸில் சக்கரம் நகராமலே சுழலும். ரோபோவோ நகர்ந்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளும். வெறும் தண்ணீர் போதும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள், துளைகள் அடைக்காது.

பிற்சேர்க்கை 1: வேலை முடிந்து திரும்பும் ரோபோ சார்ஜ் நிலையத்தின் அருகே சுற்றிச் சுற்றி வருவதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். சுவிட்சு அணைக்கப்பட்டிருந்ததுதான் காரணம் என்று அவரே பிறகு கண்டுபிடித்தார். பயன்படுத்தாத சுவிட்சை அணைத்துவிடும் நல்ல பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் நிலையம் அகச்சிவப்புச் சைகை அனுப்பினால்தான் ரோபோ அதோடு சரியாகப் போய்ப் பொருந்த முடியும். மின்தடையின்போதும் இதே கதைதான். இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் நிலையத்தை மாட்டுங்கள். இரு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியாக இருக்கட்டும்.

பிற்சேர்க்கை 2: கட்டிலுக்கு அடியில் ரோபோ போவதே இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருவர் வீட்டிலும் போர்வை தரைவரை தொங்கியிருக்கிறது. லேசருக்குத் தொங்கும் துணியும் சுவர்தான். ரோபோ ஓடும் நேரத்தில் போர்வையின் ஓரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மடித்து மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டிலின் அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். கோபுரத்தின் உச்சியைவிட 2 சென்டிமீட்டராவது கூடுதலாக இருந்தால்தான் சிக்காமல் போய் வரும்.