ஒற்றைப் பலகை மேசை: மரம் அசைய இடம் விடுங்கள்

மூன்றடி அகலத்தில் ஒரே பலகையைப் பார்த்தால் எந்தத் தச்சருக்கும் கை பரபரக்கும். ஆனால் அகலம் கூடக் கூட அசைவும் கூடும். நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அகலவாக்கில் அப்படியில்லை: மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் 100 செ.மீ. பலகை ஏறக்குறைய 1 செ.மீ. கூடும், குறையும். இதைத் தடுக்க நினைத்தால் பலகை பிளக்கும்.

வாங்கும்போது அடிமரத்தின் மையப்புள்ளி உள்ளே இருக்கிறதா என்று முனையில் பாருங்கள். இருந்தால் அங்கே விரிசல் நிச்சயம்.

பச்சைப் பலகையென்றால் முனைகளுக்கு உடனே மெழுகோ பெயின்டோ பூசிவிட்டு, 2.5 செ.மீ. ரீப்பர்களை 40 முதல் 60 செ.மீ. இடைவெளியில், ஒன்றின்மேல் ஒன்று நேராக வரும்படி வைத்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தோராயக் கணக்குதான். எடை போட்டுப் பார்ப்பது மேல்: மாதக்கணக்கில் எடை குறையாமல் நின்றால் அந்த இடத்துக்குக் காய்ந்துவிட்டது. பிறகு மேசை இருக்கப்போகும் அறையிலேயே சில வாரம் கிடக்கட்டும்.

மட்டமாக்க ரௌட்டர் சறுக்குச் சட்டம் போதும்: சுழலும் அலகால் மரத்தைச் சீவும் ரௌட்டர் கருவியைப் பலகைக்கு மேலே ஒரே மட்டத்தில் நகர்த்தும் சட்டம் இது. பலகை ஆடும் மூலைகளில் ஆப்பு வைக்காமல் தொடங்காதீர்கள். ஆடியபடி இழைத்தால் முறுக்கு அப்படியே மிஞ்சும். ஓட்டத்துக்கு 2 மி.மீ. எடுங்கள். இரண்டு பக்கமும் சம அளவில் எடுக்க வேண்டும். ஒரே பக்கம் ஆழமாக எடுத்தால் உள்ளிருந்த ஈரமான மரம் வெளியே வந்து காயத் தொடங்கும், பலகை குழியும். 3 மி.மீ. மிச்சம் வைத்து, இரண்டு வாரம் காற்றுப்படக் கிடத்திவிட்டுக் கடைசி ஓட்டம் போடுங்கள். அவசரப்பட்டவர்கள் இரண்டாவது முறையும் இழைக்கிறார்கள்.

விரிசலைக் கிளாம்ப் போட்டு மூட வேண்டாம். குறுக்கே பட்டாம்பூச்சிக் கட்டை, அதாவது இரு முனையும் அகன்று இடுப்பு ஒடுங்கிய சிறு மரத்துண்டு, பதியுங்கள். அமெரிக்க மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமாவின் மேசைகளால் புகழ்பெற்ற உத்தி இது. கட்டையின் ரேகை விரிசலுக்குக் குறுக்காக ஓடவேண்டும். இல்லையேல் இடுப்பில் ஒடியும். ஆழம், பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை.

2.4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 6 செ.மீ. கனமுள்ள பலகை, கனமீட்டருக்கு 700 கிலோ எடையுள்ள மரமானால், 100 கிலோவைத் தொடும். கால்சட்டத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். சட்டத்தோடு பலகையைப் பசை போட்டு ஒட்டவே கூடாது. சட்டத்தில், அகலத்தின் நடுவில் மட்டும் வட்டத் துளை. ஓரங்களில் 8 மி.மீ. போல்ட்டுக்கு, அகலவாக்கில் 20 மி.மீ. நீளமுள்ள நீள்துளை போட்டு, வாஷர் வைத்து, நகரும் அளவுக்கே இறுக்குங்கள்.

மேலே எத்தனை பூச்சோ அடியிலும் அத்தனை. யாரும் பார்க்காத பக்கம்தானே என்று விட்டால், அந்தப் பக்கம் வேகமாக ஈரம் குடித்து மேசை வளையும்.