டிவிடி பிளேயர் வாங்குமுன்: நட்சத்திரத்தை விடுங்கள், புகாரைப் படியுங்கள்

கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று பதிவான டிஸ்க்குகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்கத்தான் பலரும் இன்று டிவிடி பிளேயர் தேடுகிறார்கள். கடையில் ஓட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு குறைந்துவிட்டதால், ஏற்கெனவே வாங்கியவர்கள் ஆன்லைனில் எழுதிய கருத்துதான் துணை. அதில் 3.9, 4.1 என்று வரும் சராசரி நட்சத்திரத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் எரிச்சலில் எழுதிய இரண்டு வரியில்தான் விஷயம் இருக்கும். கோளாறு மெஷினிலா, ஒயரிலா, டிஸ்க்கிலா, செட்டிங்கிலா என்று அந்த இரண்டு வரியை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் சிலவற்றைக் கழித்துவிடுங்கள். டெலிவரி தாமதம், பெட்டி நசுங்கியது, பில் வரவில்லை என்பவையெல்லாம் விற்றவரைப் பற்றியவை. "நேற்றுதான் வந்தது, சூப்பர்" என்பதாலும் பயனில்லை. புது லென்ஸ் முதல் வாரத்தில் அநேகமாக எல்லா டிஸ்க்கையும் படித்துவிடும். ஆறு மாதம், ஒரு வருடம் ஓட்டியபின் எழுதியவர்களைத் தேடுங்கள். எச்டிஎம்ஐ உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் வந்த கருத்துகள் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதும் உண்டு. எந்த மாடலுக்கு எழுதியது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

மெஷின் மேல் தப்பில்லாத புகார்கள்

"படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது." மஞ்சள் ஒயரை டிவியின் பச்சை சாக்கெட்டில் செருகினால் இப்படித்தான் வரும். சில டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே சாக்கெட்தான். அங்கே டிவியின் இன்புட்டை 'ஏவி' என்று மாற்ற வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் பிளேயரின் செட்டப்பில் டிவி டைப்பை 'பால்' (PAL, இந்தியாவில் புழங்கும் டிவி முறை) அல்லது 'ஆட்டோ' என்று வையுங்கள்.

"திரை உருள்கிறது, திடீரென்று கறுப்பாகிவிட்டது." ரிமோட்டில் பி-ஸ்கேன் பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கும். அது படத்தின் எல்லா வரிகளையும் ஒரே தடவையில் அனுப்பும் புரோகிரசிவ் முறைக்கு மாற்றிவிடும், அந்தச் சிக்னல் மஞ்சள் ஒயரில் போகாது. டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு அதே பட்டனைச் சில விநாடி இடைவெளியில் ஒவ்வொரு முறையாக அழுத்தினால் படம் திரும்பும்.

"புது டிவியில் சேரவே இல்லை." இன்றைய பல டிவிகளில் மூன்று வண்ண சாக்கெட் கிடையாது, 3.5 மில்லிமீட்டர் ஏவி துளை ஒன்றுதான். அதற்கான ஒயரின் முனையில் உள்ள வளையங்களில் படம் எதில் போகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளில் படம் வராமல் சிவப்பில் செருகினால் வருகிறது என்றால், பிளேயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஒயர்தான் வேறு வரிசை.

"சில படத்துக்கு மட்டும் சத்தம் இல்லை." அந்த டிஸ்க்கில் ஓடுவது டிடிஎஸ் என்ற முறையில் சுருக்கிப் பதிந்த ஒலித்தடமாக இருக்கும். விலை குறைந்த பிளேயர்கள் பலவற்றுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. ரிமோட்டில் 'ஆடியோ' பட்டனை அழுத்தி டால்பி தடத்துக்கு மாறுங்கள். டிஜிட்டல் அவுட்புட் 'ரா' என்றோ 'பிட்ஸ்ட்ரீம்' என்றோ இருந்தால் 'பிசிஎம்' ஆக்குங்கள்.

"பென்டிரைவ் எடுக்கவில்லை." டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்றால் பெரும்பாலான பிளேயர்கள் கண்டுகொள்ளாது. மொபைலில் எடுத்த வீடியோவும் ஓடாது. இந்த மெஷின்களுக்குத் தெரிந்தது பழைய டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகை ஏவிஐ ஃபைல்கள். மொபைல் பதிவு செய்வது எச்.264 அல்லது எச்.265 என்ற புதிய வகைகள்.

"4கே டிவியில் படம் மங்கல்." 'பால்' முறை டிவிடியின் படம் 720×576 புள்ளிகள். 4கே திரையில் இருப்பவை 3840×2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. எச்டிஎம்ஐயில் 1080பி என்று காட்டினாலும் அது இழுத்துப் பெரிதாக்கிய படம்தான், டிஸ்க்கில் இல்லாத நுணுக்கம் புதிதாக வராது. மஞ்சள் ஒயரைவிட எச்டிஎம்ஐ நிச்சயம் தெளிவு. அதற்கு மேல் எதிர்பார்த்து மெஷினைத் திட்டுவது நியாயமில்லை.

"படம் பாதியில் ஒரு நொடி நிற்கிறது." 8.5 ஜிபி டிஸ்க்கில் இரண்டு அடுக்கு உண்டு. லென்ஸ் முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் இடத்தில் இந்தச் சின்னத் தயக்கம் இயல்பு.

"வெளிநாட்டு டிஸ்க் ஓடவில்லை." சினிமா டிஸ்க்குகள் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்பதற்கு ரீஜன் எண் உண்டு: இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, சிங்கப்பூர் மலேசியாவுக்கு 3. பிளேயரின் பின்புறம் உலக உருண்டைப் படத்துக்குள் எண் இருக்கும். உறவினர்கள் கொண்டுவந்த டிஸ்க் வீட்டில் இருந்தால், "எல்லா ரீஜனும் ஓடுகிறது" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மெஷின் கோளாறுதான் என்று காட்டுபவை

இங்கே நிதானமாகப் படியுங்கள். "ஆறே மாதத்தில் நோ டிஸ்க்" (டிஸ்க் இருந்தும் இல்லை என்று காட்டுவது) என்று பலர் எழுதியிருந்தால் அந்த மாடலின் லேசர் பகுதியைச் சந்தேகிக்கலாம். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி, சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் ஒளி. இரண்டையும் தருபவை பொதுவாகத் தனித்தனி லேசர் டயோடுகள். ஆகவே "பாட்டு சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை" என்ற வரி லேசர் களைத்துவிட்டதைக் காட்டுகிறது. இரண்டு அடுக்கு டிஸ்க்கும் அழித்து மறுபடி பதியக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கும் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். லேசர் பலவீனமாகும்போது முதலில் தகராறு செய்பவை அவைதான்.

"சிக்கிச் சிக்கி ஓடுகிறது" என்றால், எங்கே சிக்குகிறது என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே காட்சியில் சிக்கினால் டிஸ்க்கில் கீறல். வெவ்வேறு இடத்தில், அதுவும் முக்கால் மணி நேரம் ஓடியபிறகு என்றால் மெஷின் சூடாகிறது. செட்டாப் பாக்ஸ் மேலேயோ ஆம்ப்ளிஃபயர் மேலேயோ வைத்திருந்தாலும் அப்படி ஆகும். டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் மட்டும் சிக்கினால் காரணம் வேறு. லென்ஸ் உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படித்துக்கொண்டு போகும். காகித ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க் சமநிலை இழந்து விளிம்பில் ஆடும்.

டிரே பாதி திறந்து மூடிக்கொள்கிறது என்றால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். மலிவான வேலைதான். விளக்கு மினுக்கிவிட்டு மெஷின் உயிர் பெறவில்லை என்றால் பவர் சப்ளை போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். 230 வோல்ட் மின்சாரம் அங்கே சுமார் 325 வோல்ட் டிசியாகத் தேங்கி நிற்கும், பிளக்கை எடுத்தபின்னும் சற்று நேரம் இருக்கும்.

லென்ஸ் துடைப்பது

பழைய பிளேயர் நோ டிஸ்க் காட்டுகிறது என்பதற்காக உடனே புதியது வாங்க வேண்டியதில்லை. வாரன்டி முடிந்திருந்தால் இதைச் செய்து பாருங்கள். பிளக்கை உருவிவிட்டு 10 நிமிடம் விடுங்கள். மேல் மூடியைக் கழற்றியதும் நடுவில் பட்டாணிக்கும் சிறிய கண்ணாடிக் குமிழ் ஒன்று நீலச் சாயலில் தெரியும். அதுதான் லென்ஸ். மயிரிழைபோன்ற கம்பிகளில் தொங்குவதால், விரல்நுனி பட்டாலே அசையும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு சொட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில். அழுத்தாமல் இரண்டு மூன்று சுற்று, பிறகு காய்ந்த குச்சியால் ஒரு சுற்று. நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக், நிரந்தரமாக மங்கிவிடும். பவர் போர்டு பக்கம் கை போக வேண்டாம். மூடியைப் பூட்டிய பிறகே பிளக்கைப் போடுங்கள். திறந்த நிலையில் ஓட்டி லேசரை உற்றுப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.

டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக ஓடும். பிழை திருத்தும் முறையால் அவ்வளவு நீள இழப்பை ஈடுகட்ட முடியாது.

வீட்டுக்கு வந்ததும்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஐந்து சோதனைகள்: இரண்டு அடுக்கு சினிமா டிவிடி ஒன்றை நிறுத்தாமல் முழுதாக ஓட்டுவது, வீட்டில் பதிந்த டிவிடியின் கடைசிப் பத்து நிமிடம், ஒரு பாட்டு சிடி, எஃப்ஏடி32 பென்டிரைவ், டிரேயைப் பத்து முறை திறந்து மூடுவது. ரிமோட் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் அதை மொபைல் கேமரா முன் பிடித்து பட்டனை அழுத்துங்கள். நுனியில் ஊதா வெளிச்சம் தெரிந்தால் ரிமோட் சரி. முன்பக்க கேமராவில் இன்னும் நன்றாகத் தெரியும்.

வீட்டில் பதிந்த டிஸ்க் எந்தப் பிளேயரிலும் ஓடாமல், பதிந்த மெஷினில் மட்டும் ஓடினால் அது ஃபைனலைஸ் ஆகவில்லை, அதாவது மற்ற பிளேயர்கள் படிக்கும்படி பதிவை முடித்து வைக்கவில்லை. பொதுவாக அதே மெஷினில்தான் அதை முடிக்க வேண்டும். ஓடும் கல்யாண டிஸ்க்குகளை இப்போதே கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். பதியும் டிஸ்க்கில் தகவல் இருப்பது சாயப் பூச்சில். வெயிலும் வெப்பமும் பட்டு அது வெளுத்துவிட்டால் எந்த மெஷினாலும் மீட்க முடியாது.

பிறகு நீங்களும் எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து. நட்சத்திரம் எத்தனையானாலும் பரவாயில்லை, இந்த விவரங்கள் இருக்கட்டும்: "எச்டிஎம்ஐயில் 43 அங்குல டிவி. ஏழு மாதம், வாரம் இரண்டு படம். சினிமா டிஸ்க் எல்லாம் ஓடுகிறது, வீட்டில் பதிந்த பத்தில் இரண்டு எடுக்கவில்லை, அவை கணினியிலும் எடுக்கவில்லை. டிடிஎஸ் சத்தம் வராது. சிங்கப்பூர் டிஸ்க் ஓடியது."